டெம்பேயில் இப்போது யாரும் இல்லை

டெம்பே யானைப் பூங்கா தென்னாப்பிரிக்காவில், நான் வசிக்கும் டர்பனுக்கு வடக்கே, மொசாம்பிக் எல்லையை ஒட்டி இருக்கிறது. அதற்குள்ளே மஹ்லசேலா என்று ஒரு நீர்க்குட்டை. குட்டையைப் பார்த்தபடி மரத்தாலான ஒரு மறைவிடம், அங்கே ஒரு கேமரா. இரவும் பகலும் ஓடுகிற அந்த நேரலையை யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் பார்க்கலாம். இணையத்தில் காட்டு விலங்குகளைப் பார்ப்பேன் என்று நான் சொன்னால், உடனே சிங்கம் எருமையை வீழ்த்தும் காணொளிகளை நண்பர்கள் அனுப்பிவிடுகிறார்கள். அன்போடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் நான் பார்ப்பது அதை அல்ல. பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடக்காத ஒரு குட்டையைத்தான் பார்க்கிறேன்.

ஒன்றுமே நடக்காது என்று சொன்னாலும் அது முழு உண்மை இல்லை. சேற்றில் ஒரு எகிப்திய வாத்து நடந்து போகும். நியாலா மான் ஒன்று மரநிழலின் விளிம்பு வரை வந்து நிற்கும், காதை மட்டும் திருப்பும், குடிக்காமலே திரும்பிப் போய்விடும். ஏன் போனது என்று நமக்குத் தெரியாது. அரை மணி கழித்து அதே இடத்துக்கு வரும். இரவானால் கேமரா அகச்சிவப்பு ஒளிக்கு மாறிவிடும். விலங்குகளுக்கு அந்த வெளிச்சம் தொந்தரவு இல்லை, நமக்கோ எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கேமராவைச் சுற்றிப் பூச்சிகள் வரும், பூச்சிகளைப் பிடிக்க ஒரு சிலந்தி லென்ஸின் குறுக்கே வலை கட்டும், காற்றடிக்கும்போது வலை முழுத் திரையிலும் ஆடும். தவளைச் சத்தம் ஒரு நொடியில் மொத்தமாக நின்றால் மட்டும் நிமிர்ந்து உட்காருவேன். ஏதோ வருகிறது என்று தவளைகளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் யானைகள் வரும். முதலில் சத்தம் வராது. திரையின் ஓரத்தில் மரங்களுக்கு இடையே சாம்பல் நிறம் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். அந்தப் பெரிய உடம்பு மணலில் நடக்கும்போது காலடி ஓசையே கேட்பதில்லை. துதிக்கையில் ஒரு இழுப்பில் எட்டு, பத்து லிட்டர் தண்ணீர் ஏறும். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். குட்டிகள்தான் பார்க்க வேண்டியவை. பிறந்து சில மாதம் வரை அவற்றுக்குத் துதிக்கையால் தண்ணீர் எடுக்கத் தெரியாது. அதைச் சுழற்றும், மிதிக்கும், கடைசியில் முன்னங்காலை மடக்கி வாயை நேராகத் தண்ணீரில் வைத்துக் குடிக்கும். காதுக்கு ஹெட்போன் போட்டுக்கொண்டால் யானைகளின் உறுமல் கேட்கும், அதிலும் ஒரு பகுதிதான். அவை பேசுவதில் மீதி மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி.

இதை நான் தனியாகப் பார்ப்பதில்லை. தூத்துக்குடியில் அம்மாவும் பார்க்கிறாள். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இரவுப் பணி மாறி மாறி வரும். இங்கே விடியற்காலை நாலரை என்றால் ஊரில் எட்டு மணி. அம்மா காபி முடித்துவிட்டுக் கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொள்வாள். நான் பணி முடியும் நேரத்தில் ஒரு காதில் மட்டும் மாட்டியிருப்பேன். இருவரும் ஒரே குட்டையைப் பார்ப்போம். பேசுவதற்குச் சேதி இல்லாத நாட்களிலும் அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்க முடிகிறது. வெளிநாட்டில் இருக்கிற மகன்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

அம்மாவுக்குத் தெரிந்த யானை கோயில் யானை. முதல் தடவை டெம்பே யானைகளைப் பார்த்ததும் அவள் கேட்டது, "பொட்டை யானைக்கும் கொம்பு இருக்குமாய்யா?" ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு என்றேன். துதிக்கை நுனியில் நம் ஊர் யானைக்கு ஒரு விரல் போன்ற சதை, இதற்கு இரண்டு. அதையெல்லாம் அவள் தானாகவே பார்த்துக் கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலுல சங்கிலி இல்லாம நிக்கு பாரு" என்றாள்.

பிறகு ஒரு நாள் அடோ யானைகள் தேசியப் பூங்காவின் கேமராவைக் காட்டினேன். அது கிழக்கு கேப் மாகாணத்தில். அங்கே பெண் யானைகளுக்கு அநேகமாகத் தந்தமே கிடையாது. அம்மாவுக்கு அவை சட்டென்று பிடித்துப்போயின, ஊர் யானை சாயல் தெரிந்ததால். ஆனால் அந்தச் சாயலுக்குப் பின்னால் இருக்கிற கதை கொடுமையானது. பண்ணைகளைக் காக்கிறோம் என்று அந்தப் பகுதி யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். 1931-இல் பூங்கா ஆரம்பித்தபோது மிஞ்சியிருந்தவை 11 யானைகள். இன்று அறுநூறுக்கும் மேல். எல்லாம் அந்தச் சிறு கூட்டத்தின் வழி வந்தவை என்பதால் தந்தமில்லாத தன்மை பெண்களிடம் இப்படிப் பரவிவிட்டது. குட்டையைச் சுற்றி அவை கூடி நிற்கும்போது எனக்கு அந்த 11-தான் மனதில் வரும்.

டெம்பே யானைகளுக்கும் ஒரு கதை உண்டு. முன்பு அவை மொசாம்பிக்குக்கும் இங்குமாக எல்லை தெரியாமல் நடந்தவை. அங்கே உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் வேட்டைக்காரர்களின் குண்டு பட்டு, காயத்தோடு இந்தப் பக்கம் வந்தன. 1983-இல் இங்கே பூங்கா அமைந்தது, 1989-இல் வடக்கு எல்லையில் வேலி போட்டார்கள். வேலி அவற்றைக் காப்பாற்றியது, பழைய தடத்தையும் அறுத்தது. ஒரு தந்தம் மட்டும் நூறு பவுண்டு, அதாவது 45 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய ஆண் யானைகளுக்குப் பெயர் போன இடம் அது. இசிலோ என்ற யானையின் தந்தங்கள் ஒவ்வொன்றும் 60 கிலோவுக்கு மேல் இருக்கும் என்று கணித்தார்கள். 2014-இல் அது இறந்து கிடந்தது. வயதாகி இயல்பாக இறந்தது என்றே சொன்னார்கள். ஆனால் உடலை ஆட்கள் கண்டுபிடிப்பதற்குள் தந்தங்களை யாரோ வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள்.

எங்கள் மூன்றாவது ஆள் ஆயா. டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் ஆயா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அவுட்பில்டிங்கில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். எண்பது வயதைத் தாண்டியவர். டர்பன் நகராட்சித் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர், அங்கே பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம் வந்து, அறுபதுகளில் எல்லாரையும் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். அப்படி வந்தவர் ஆயா.

2020 மார்ச் 27-ஆம் தேதி இங்கே ஊரடங்கு தொடங்கியது. நடக்கப் போகக்கூட வெளியே போகக் கூடாது என்ற கடுமையான ஊரடங்கு. அப்போதுதான் ஆயா வீட்டுத் தொலைக்காட்சியில் வைல்டுஎர்த் போட ஆரம்பித்தோம். சாபி சாண்ட் காட்டுக்குள் விடியலிலும் அந்தியிலும் வண்டியில் போகிற வழிகாட்டிகள் நேரலையாகக் காட்டுவார்கள், பார்ப்பவர்கள் கேள்வி அனுப்பினால் அங்கேயே பதில் சொல்வார்கள். அந்த வாரங்களில் க்ரூகர் தேசியப் பூங்காவில் ஆள் நடமாட்டம் இல்லாத தார்ச் சாலையில் சிங்கங்கள் படுத்துத் தூங்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டேன். ஆயா ஆச்சரியப்படவில்லை. "அது அதோட வீடு தம்பி" என்றார்.

பேச்சோடு பேச்சாக, நீங்கள் க்ரூகருக்குப் போனதில்லையா என்று கேட்டேன். இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டிலேயே எண்பது வருடம் வாழ்ந்தவரிடம் அது சாதாரணக் கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டேன். ஆயா சொன்னார்: "காசும் இல்ல, யாரும் கூப்பிடவும் இல்ல."

அந்த ஒரு வரியைப் பிறகு படித்துத்தான் புரிந்துகொண்டேன். 1930-களிலிருந்து பல பத்தாண்டுகளாக, க்ரூகரில் வெள்ளையர் அல்லாதவர் பயணியாகப் போய் இரவு தங்குவதற்கென்று இருந்தது பலூலே என்ற ஒரு சின்ன முகாம். மற்ற பெரிய முகாம்களும் ஓய்வில்லங்களும் வெள்ளையருக்கு. அங்கே சமைத்தவர்களும் துவைத்தவர்களும் தடம் பார்த்துக் கொடுத்தவர்களும் கறுப்பின மக்கள். ஆக, காட்டைப் பார்க்கப் போவது என்ற பழக்கமே ஒரு தலைமுறைக்கு எட்டாமல் வைக்கப்பட்டது. சட்டம் போன பிறகும் பழக்கம் தானாக வந்துவிடாது. இப்போதும் பயணத்துக்கு, தங்குவதற்கு, வண்டிக்கு ஆகிற செலவு சாட்ஸ்வர்த்தில் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நேரில் பார்ப்பதுபோல் வருமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் நேரில் போக முடிந்தவர்கள். கேமரா யாருக்காக இருக்கிறது என்று கேட்டால் நான் ஆயாவைக் காட்டுவேன்.

(சாட்ஸ்வர்த்தில் காட்டு விலங்கே இல்லை என்று நினைக்க வேண்டாம். வெர்வெட் குரங்குகள் கூட்டமாகக் கூரை மேல் வரும், சமையலறை ஜன்னல் திறந்திருந்தால் ரொட்டி போய்விடும். அக்கம்பக்கத்தில் கல்லெறிகிறவர்கள் உண்டு. ஆயா எறிய மாட்டார், எறியவும் விட மாட்டார்.)

இந்த மாதிரி பார்ப்பதில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. வெட்டி ஒட்டிய காணொளிகள் விலங்குகளைப் பற்றி நமக்குப் பொய்யான ஒரு கணக்கைக் கற்பிக்கின்றன. அவற்றில் சிங்கம் எப்போதும் பாய்கிறது. நேரலையில் சிங்கம் தூங்குகிறது. மணிக்கணக்காகத் தூங்குகிறது, புரண்டு படுக்கிறது, ஈயை விரட்டுகிறது. அதுதான் சிங்கத்தின் நாள். வேட்டை என்பது அந்த நாளில் ஒரு சிறு துண்டு, பெரும்பாலும் தோற்றுப்போகிற துண்டு. காத்திருந்து பார்த்தவனுக்குத்தான் இது தெரியும். நாம் கூப்பிட்டு அது வராது, நாம் போகச் சொல்லி அது போகாது. திரையில் நம் விருப்பப்படி நடக்காத ஒன்றைப் பார்ப்பது இன்றைக்கு மிக அரிது.

நம் விருப்பப்படி நடக்காது என்பதன் கடினமான பக்கத்தையும் பார்த்தோம். ஜோஹானஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ரூட்கிரான்ஸ் என்ற இடம். வால்டர் சிசுலு தாவரவியல் பூங்காவில் ஒரு அருவி, அருவியை ஒட்டிய செங்குத்துப் பாறையில் வெரோ கருங்கழுகுகளின் கூடு. பெரிய நகரத்தின் விளிம்பில் அப்படி ஒரு கூடு இருப்பதே அதிசயம். டாசி என்று இங்கே சொல்கிற பாறை முயல் போன்ற பிராணிதான் அவற்றின் முக்கிய இரை. அந்த டாசிக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவுகளில் ஒன்று யானை என்றால் அம்மா இன்னும் நம்ப மறுக்கிறாள்.

கழுகு இரண்டு முட்டை இடும், மூன்று நான்கு நாள் இடைவெளியில். சுமார் 45 நாள் அடைகாக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் முதல் குஞ்சு வெளியே வரும், சில நாளில் இரண்டாவது வரும். வந்ததிலிருந்து மூத்தது இளையதைக் கொத்தத் தொடங்கும். பசியால் அல்ல, கூட்டில் இறைச்சி கிடக்கும்போதே கொத்தும். ஸிம்பாப்வேயின் மட்டோபோ மலைகளில் இந்தக் கழுகுகளை ஆராய்ந்த வலரி கார்கெட் ஒரு கூட்டில் மூன்று நாளில் 1,569 கொத்துகளை எண்ணியிருக்கிறார். இளையது அநேகமாக எப்போதும் செத்துப்போகும். தாய்க்கழுகு அங்கேயே நிற்கும், தடுக்காது. இரண்டாவது முட்டை ஒரு காப்பு. முதல் முட்டை பொரியாமல் போனால், முதல் குஞ்சு பலவீனமாக இருந்தால், அந்த வருடம் வீணாகாமல் இருக்க.

இதை ஆயாவுக்கு முன்கூட்டியே சொல்லித்தான் காட்டினேன். பார்க்கிறேன் என்றார். பாதி நாள் பார்த்தார். "தாய் பக்கத்துலதானே நிக்கறா" என்று இரண்டு முறை சொன்னார். அப்புறம் அந்தக் கேமராவை அவர் திறக்கவே இல்லை. ஏன் யாரும் போய் எடுத்துவிடவில்லை என்று மறுநாள் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கூட்டில் மனிதன் கைவைத்தால் பெற்றவை மிரண்டு கூட்டையே விட்டுவிடலாம். இந்தப் பறவைகள் இத்தனை காலம் பிழைத்து வந்த முறையே இதுதான். நாம் பார்க்கிறோம் என்பதற்காக அதை மாற்ற நமக்கு உரிமை வந்துவிடாது. நான் இதை முழுமனதாக நம்புகிறேன். ஆயா ஏற்றுக்கொள்ளவில்லை. பார்க்க முடிகிற இடத்தில் இருந்துகொண்டு சும்மா இருப்பது பாவம் என்பது அவர் கட்சி. இன்றுவரை அந்த விஷயத்தில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. அம்மாவோ மிஞ்சிய குஞ்சைக் கடைசிவரை பார்த்தாள். வெள்ளைப் பஞ்சு உதிர்ந்து, சிறகு வளர்ந்து, கூட்டு விளிம்பில் நின்று மூன்று மாதத்துக்குப் பிறகு அது பறந்துபோகும் வரை.

ஆயாவுக்குக் கழுகு போனால் என்ன, கரடி வந்தது. அலாஸ்காவில் காட்மாய் தேசியப் பூங்காவின் ப்ரூக்ஸ் அருவி. ஜூலையில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றுக்கு எதிர்நீச்சல் போட்டு வந்து அருவியைத் தாண்டக் குதிக்கும். பழுப்புக் கரடிகள் அருவியின் மேல்விளிம்பில் வாயைத் திறந்தபடி நிற்கும். அலாஸ்கா கோடையில் எங்களுக்குப் பத்து மணி நேரம் பின்னால், எங்களுக்கு இரவு பத்து என்றால் அங்கே நண்பகல். தூக்கம் வராத முதியவர்களுக்கு ஏற்ற நேரம். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கூட, வீடு முழுக்க இருட்டாக இருந்தாலும் சின்ன இன்வெர்ட்டரில் வைஃபையை மட்டும் ஓட விட்டுக் கரடி பார்த்தோம்.

அங்கே ஒவ்வொரு கரடிக்கும் ஒரு எண். 480-ஆம் எண் கரடிக்கு ஓட்டிஸ் என்று பெயர். வயதான ஆண். கோரைப்பற்களில் இரண்டு இல்லை. இளங்கரடிகள் அருவியில் அடித்துக்கொள்ளும்போது அது தன் வழக்கமான மூலையில் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு மீன் தன்னிடம் வரும் வரை காத்திருக்கும். ஓடாது, சண்டை பிடிக்காது. குளிர்காலத் தூக்கத்தில் கரடியின் எடை மூன்றில் ஒரு பங்கு வரை குறையும், அதனால் இலையுதிர்காலத்தில் எவ்வளவு கொழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிழைப்பு. எந்தக் கரடி நன்றாகக் கொழுத்தது என்று மக்கள் வாக்களிக்கும் போட்டி 2014-இல் தொடங்கியது. ஓட்டிஸ் முதல் ஆண்டே ஜெயித்தது, பிறகு 2016, 2017, 2021 ஆண்டுகளிலும். 2023 ஜூலை கடைசியில் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தது. ஆயா அன்று சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினார். அக்டோபருக்குள் உடம்பு தேறிவிட்டது.

2024-இல் அது வரவில்லை. ஜூலை முழுக்க ஆயா கேட்டுக்கொண்டிருந்தார், செப்டம்பரிலும் கேட்டார். அறிவிப்பு என்று எதுவும் இருக்காது, காட்டில் ஒரு கரடி வராமல் போவது அப்படித்தான். அந்த மூலையில் வேறு கரடிகள் உட்கார்கின்றன. ஆயா அவற்றையும் பார்க்கிறார்.

காண்டாமிருகம் பற்றி மட்டும் நான் எங்கும் எழுதுவதில்லை. எந்தக் கேமராவில், எந்தப் பூங்காவில், எப்போது பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். 2014-இல் இந்த நாட்டில் கொம்புக்காகக் கொன்ற காண்டாமிருகங்கள் 1,215. 2024-இல் 420. குறைந்திருக்கிறது, ஆனால் 420-இல் பாதிக்கு மேல் எங்கள் குவாஸூலு-நட்டால் மாகாணத்தில். கொம்பு இருந்தால் உயிர் போகும் என்பதால் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி பூங்காவில் காண்டாமிருகங்களுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கொம்பை அறுத்துவிடுகிறார்கள். நீங்கள் பயணம் போனாலும் படத்தோடு இடக்குறிப்பு பதிவாகாதபடி கைபேசியில் அணைத்து வையுங்கள்.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டெம்பேக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அந்தப் பக்கம் அது வறண்ட பருவம், காட்டுக்குள் சிறு குட்டைகள் வற்றிவிடுவதால் எல்லாம் பெரிய குட்டைக்கு வரும். இங்கே பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை, தமிழ்நாட்டில் மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை. சீரியல் நேரம், வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஒலியை அணைக்காதீர்கள், பாதி விஷயம் சத்தத்தில்தான். பின்னால் ஓட்டிப் பார்க்காதீர்கள். காலியான திரைக்கு முன்னால் குழந்தைகளை உட்கார வைக்கலாம், நாம் நினைப்பதைவிடப் பொறுமையாகப் பார்க்கிறார்கள்.

இன்னொரு சேதி. ஆயாவின் பேரன் இந்தக் குளிர்காலத்தில் ஆயாவை டெம்பேக்கு அழைத்துப் போகலாம் என்கிறான். உள்ளே எல்லாம் மணல் பாதை, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தால்தான் ஓட்ட விடுவார்கள். ஒரு நாளைக்கு உள்ளே விடுகிற வண்டிகளுக்கும் கணக்கு உண்டு. ஆயா வருவதாகச் சொல்லிவிட்டார். மஹ்லசேலா மறைவிடத்தில் உட்காரும்போது தூத்துக்குடியில் அம்மா கேமராவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை, அம்மாவும் சரி என்றிருக்கிறாள். டர்பன் பக்கம் அப்படி ஒரு வண்டியை இரண்டு நாளைக்கு வாடகைக்குத் தருகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஏறி இறங்கப் படி தாழ்வாக இருக்க வேண்டும்.